ஷாட்டர்ட் கிளாஸ்: பொய் சொல்பவன் இவ்வளவு நல்ல பிள்ளையாகவா இருப்பான்?

டர்பனில் சாட்ஸ்வொர்த் பகுதியின் பங்களாதேஷ் மார்க்கெட்டுக்குக் கொத்தமல்லி வாங்கப் போனால் கொத்தமல்லியைத் தவிர மற்றதெல்லாம் வாங்கிக்கொண்டு வருவது என் வழக்கம். போன வாரமும் அப்படித்தான். ஒரு மேசையில் பழைய டிவிடிகளைக் குவித்து, ஒன்று 15 ரேண்ட் என்று விற்றுக்கொண்டிருந்தார்கள். கிளறிக்கொண்டே போனதில் அடியில் கிடைத்தது ‘ஷாட்டர்ட் கிளாஸ்’, 2003இல் வந்த அமெரிக்கப் படம். பெட்டியின் மூலை உடைந்திருந்தது. பெயருக்குப் பொருத்தம்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஷாட்டர்ட் என்றால் நொறுங்கிய, கிளாஸ் என்றால் கண்ணாடி, படத்தில் வரும் பையனின் குடும்பப் பெயரும் அதுதான்.

இந்தப் படத்தைத் தேடச் சொன்னது பக்கத்து வீட்டுப் பெண். பத்திரிகைத் துறையில் இரண்டாம் வருடம் படிக்கிறாள், பார்த்துவிட்டு எழுதிக்கொண்டு வரச் சொல்லி லெக்சரர் வேலை கொடுத்திருக்கிறார். நான் டர்பனில் பதினைந்து வருடமாகப் பத்திரிகைகளுக்குப் பக்கம் வடிவமைப்பவன், அதாவது யாரோ எழுதியதை வெட்டி ஒட்டிக் கட்டத்துக்குள் அடக்குகிறவன். அவள் கணக்கில் நானும் பத்திரிகைக்காரன். சனிக்கிழமை மத்தியானம் அவர்கள் வீட்டு ஹாலிலேயே பார்த்தோம். அவளுடைய ஆயாவும் (இங்கே பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள்) ஒரு பேசின் நிறைய கத்ரா பீன்ஸை மடியில் வைத்து உரித்தபடி கூடவே உட்கார்ந்துவிட்டார். எண்பதைத் தாண்டியவர். “இங்கிலீஷ் படம் ஆயா, சண்டை எல்லாம் கிடையாது” என்றேன். “பரவால்ல, ஆள் மூஞ்சியப் பாத்தாப் போதும்” என்றார்.

கதையைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பற்றி எழுத முடியாது. 1998இலேயே அமெரிக்கப் பத்திரிகைகள் எல்லாம் எழுதித் தீர்த்த உண்மைச் சம்பவம்தான், ஆனாலும் தெரியாமல் பார்க்க வேண்டும் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

வாஷிங்டனில் ‘தி நியூ ரிபப்ளிக்’ என்று 1914இலிருந்து வரும் ஓர் அரசியல் இதழ். விற்பனை பெரிதாக இல்லாவிட்டாலும் ஜனாதிபதியின் விமானத்திலேயே கிடக்கும் பத்திரிகை என்று அங்கே வேலை செய்பவர்களுக்குத் தலைகால் புரியாத பெருமை. எழுதுகிறவர்கள், திருத்துகிறவர்கள் எல்லாம் சேர்த்து 15 பேர், பாதிப் பேருக்கு மேல் 26ஐத் தாண்டாத சின்னப் பிள்ளைகள். அதிலும் கடைக்குட்டி ஸ்டீபன் கிளாஸ். மற்றவர்கள் வரிச் சட்டம், விவசாய மானியம் என்று எழுதிக்கொண்டிருக்கும்போது இவனுக்கு மட்டும் எங்கிருந்தோ ருசியான கதைகள் கிடைக்கும். 1998 மே மாதம் ‘ஹேக் ஹெவன்’ என்று ஒரு கட்டுரை எழுதுகிறான். இயன் ரெஸ்டில் என்ற 15 வயதுப் பையன் ஜக்ட் மைக்ரானிக்ஸ் என்னும் பெரிய மென்பொருள் கம்பெனியின் கணினிக்குள் புகுந்துவிட, கம்பெனிக்காரர்கள் அவனைப் போலீஸில் பிடித்துக் கொடுக்காமல் வேலை கொடுக்கிறோம் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சுகிறார்களாம், அவன் கார் வேண்டும், டிஸ்னி வேர்ல்டு போக வேண்டும், முதல் எக்ஸ்மென் காமிக்ஸ் வேண்டும் என்று மேசைமேல் ஏறாத குறையாகப் பட்டியல் போடுகிறானாம். பையனும் இல்லை, கம்பெனியும் இல்லை. பிறகு தோண்டிப் பார்த்ததில் அந்த இதழில் அவன் எழுதிய 41 கட்டுரைகளில் 27இல் முழுதாகவோ பாதியாகவோ கற்பனை இருந்தது.

‘வேனிட்டி ஃபேர்’ இதழில் பஸ் பிஸிங்கர் 1998இல் எழுதிய நீண்ட கட்டுரையை வைத்து பில்லி ரே திரைக்கதை எழுதி இயக்கியிருக்கிறார். இயக்குநராக அவருக்கு இதுதான் முதல் படம். ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடுகிறது. துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை, பெரும்பாலும் ஆபீஸ், தொலைபேசி, தாள், மறுபடியும் தொலைபேசி. அப்படியிருந்தும் ஆயா இரண்டு இடத்தில் பீன்ஸ் உரிப்பதை நிறுத்தினார், அதைவிடப் பெரிய சான்றிதழ் என்னிடம் இல்லை.

கிளாஸாக நடித்திருப்பவர் ஹேடன் கிறிஸ்டென்சன். ஸ்டார் வார்ஸ் படங்களில் மரக்கட்டை மாதிரி நிற்கிறார் என்று எல்லாரும் திட்டிய அதே பையன்தான். இங்கே ஆளே வேறு. ஷூவைக் கழற்றிவிட்டு சாக்ஸோடு ஆபீஸில் நடப்பான். யார் என்ன உடுத்தியிருந்தாலும் கவனித்து ஒரு நல்ல வார்த்தை சொல்வான், யார் வாடிப்போயிருந்தாலும் முதலில் பக்கத்தில் போய் நிற்பான். ஆசிரியர் கூட்டத்தில் தன் கதையைச் சொல்லும் விதத்தைப் பாருங்கள்: முதலில் தயங்குவான், ஒன்றுமில்லை, சும்மா ஒரு அசட்டுக் கதை, எழுதுவேனோ மாட்டேனோ என்பான், மற்றவர்கள் சொல்லு சொல்லு என்று கெஞ்ச ஆரம்பித்த பிறகுதான் எடுத்து விடுவான். யாராவது ஒரு கேள்வி கேட்டால் உடனே கண் கலங்க, “என்மேல கோபமா?” அந்த ஒரு வரியைப் படம் முழுக்க எத்தனை தடவை சொல்கிறான் என்று எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டேன். முதல் இரண்டு தடவை பாவமாக இருக்கும், ஐந்தாவது தடவை வயிற்றைப் பிசையும். கேள்வி கேட்டவர்தான் இப்போது அவனைச் சமாதானப்படுத்த வேண்டும், கேட்ட கேள்வி எங்கே போனது என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது.

ஆயா பத்தாவது நிமிடத்திலேயே சொல்லிவிட்டார். “இவ்வளவு நல்ல பிள்ளையா ஒருத்தன் இருந்தா, எதையோ மறைக்கறான்.”

படத்தில் எனக்குத் தொழில்ரீதியாகப் பிடித்தது, கட்டுரை எப்படிச் சரிபார்க்கப்படுகிறது என்று அவனே விளக்கும் பகுதி. துணை ஆசிரியர் படிப்பார், திருப்பி அனுப்புவார், உண்மை சரிபார்ப்பவர் ஒவ்வொரு தேதியையும் பெயரையும் பார்ப்பார், வக்கீல் பார்ப்பார், மறுபடியும் முதலிலிருந்து. இத்தனை சல்லடையில் எப்படித் தப்பும்? ஒரு ஓட்டை இருக்கிறது. நிருபர் மட்டுமே போய்ப் பார்த்துவிட்டு வந்த விஷயமாக இருந்தால், சரிபார்க்க இருக்கும் ஒரே ஆதாரம் நிருபரின் கைக்குறிப்புதான். கிளாஸ் அந்தக் குறிப்புகளையும் உட்கார்ந்து எழுதியிருக்கிறான், அவன் ஏற்கெனவே அந்த இதழுக்குச் சரிபார்ப்பு வேலை பார்த்தவன் வேறு. பூட்டுச் செய்தவனிடமே சாவி. கம்பெனிக்கு ஒரு வெப்சைட், ஒரு விசிட்டிங் கார்டு, ஒரு குரலஞ்சல் எண் எல்லாம் அவன் கைவண்ணம். இவ்வளவு சிரமப்பட்டதற்கு உண்மையிலேயே ஒரு ஆளைத் தேடிப் போய்ப் பேசியிருந்தால் பாதி வேலையில் முடிந்திருக்குமே என்று எனக்குத் தோன்றியது.

மாட்டிக்கொள்வது எதிரிப் பத்திரிகையின் இணையப் பிரிவிடம். ‘ஃபோர்ப்ஸ் டிஜிட்டல் டூல்’ நிருபர் ஆடம் பெனன்பெர்க்கை (ஸ்டீவ் சான் நடித்திருக்கிறார்) அவருடைய ஆசிரியர், இவ்வளவு பெரிய கதையை நீ எப்படிக் கோட்டைவிட்டாய் என்று குடைய, அவர் அவமானத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேடுகிறார். கம்பெனி இல்லை. வரி கட்டிய பதிவு இல்லை. கட்டுரையில் சொன்ன சட்டம் இல்லை, அதிகாரி இல்லை. கடைசியில், கட்டுரையில் ஒரே ஒரு விஷயம் சரியாக இருக்கிறது, நெவாடா என்று அமெரிக்காவில் ஒரு மாநிலம் இருப்பது உண்மைதான் என்கிறார். ஹாலில் பக்கத்து வீட்டுப் பெண் சிரித்த சிரிப்பில் ஒரு கைப்பிடி பீன்ஸ் தரையில் சிந்தியது. அப்புறம் அந்த ‘பெரிய’ கம்பெனியின் எண்ணுக்கு இரண்டு பேர் ஒரே நேரத்தில் கூப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஒருவருக்கு மணி அடிக்கிறது, இன்னொருவருக்கு எங்கேஜ் டோன். கோடிக்கணக்கில் புரளும் கம்பெனிக்கு ஒரே ஒரு போன் லைன்.

ஆனால் படத்தின் உச்சம் என்று நான் சொல்வது ஸ்பீக்கர் போன் காட்சி. ஃபோர்ப்ஸ்காரர்கள் அந்தப் பக்கம், இந்தப் பக்கம் கிளாஸும் அவனுடைய புது ஆசிரியர் சக் லேனும். அந்தப் பக்கத்திலிருந்து மரியாதையாக, அவசரமே இல்லாமல், ஒவ்வொரு பெயராகக் கேட்டுக்கொண்டு வருகிறார்கள். முதலில் இவன் டக்டக்கென்று பதில் சொல்கிறான், பிறகு எழுத்துக் கூட்டிச் சொல்கிறான், பிறகு நாக்கு உலர்கிறது, கடைசியில், என்னையே யாரோ ஏமாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது என்கிறான். கேமரா இவனைவிட லேனின் முகத்தைத்தான் அதிகம் கவனிக்கிறது. பீட்டர் சார்ஸ்கார்ட் நடித்திருக்கிறார். தன் பையனை அந்நியர்கள் முன்னால் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று வந்து உட்கார்ந்த மனிதர், பாதி வழியில் அந்நியர்கள் கேட்பதுதான் சரி என்று புரிந்துகொள்கிறார். குரல் உயர்த்தவில்லை, புருவம்கூட ஏறவில்லை. தாடை மட்டும் இறுகுகிறது. ஆயா முதல் தடவை பீன்ஸை நிறுத்தியது இங்கேதான்.

அதற்கப்புறம் லேன் அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு, கட்டுரையில் ஹேக்கர்கள் மாநாடு நடந்ததாகச் சொன்ன இடத்துக்கே போகிறார். இங்கேதான் அந்தப் பையன் நின்றான், அங்கே கூட்டம் இருந்தது என்று இவன் கையை நீட்டி நீட்டிக் காட்டுகிறான். காவலாளியைக் கேட்டால் அந்தக் கட்டடம் ஞாயிற்றுக்கிழமை திறப்பதே இல்லையாம். இரவு சாப்பிட்டதாகச் சொன்ன உணவகம் மத்தியானம் மூன்று மணிக்கே மூடிவிடுமாம். அப்போதும் இவன் விடுவதாக இல்லை. அழுகிறான், சாதிக்கிறான், வேண்டுமானால் பொய் என்று ஒத்துக்கொள்கிறேன், அதுதான் உங்களுக்கு வசதி என்றால் என்கிறான். அந்தப் பேச்சைக் கேட்டால் நமக்கே, லேன்தான் கொடுமைக்காரரோ என்று ஒரு நிமிடம் தோன்றும். தோன்றும்படிதான் எடுத்திருக்கிறார்கள்.

ஏனென்றால் லேனை யாருக்கும் பிடிக்காது. முந்தைய ஆசிரியர் மைக்கேல் கெல்லி (ஹேங்க் அசாரியா) எல்லாருக்கும் செல்லம், முதலாளி ஒரு காற்புள்ளிச் சண்டையில் பையன்களை வாட்டியபோது அவர்களுக்காக மோதியவர். முதலாளி அவரைத் துரத்திவிட்ட பிறகு அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் லேன். சிரிப்பும் வராது, கதையும் சொல்லத் தெரியாது, நேரத்துக்கு வீட்டுக்குப் போய்க் குழந்தையைப் பார்க்கிற ஆள். படத்தைப் பார்க்கும்போது கவனியுங்கள், கெல்லி இருக்கும்போதும் ஒரு புகார் வரும், ஓட்டல் அறையில் குட்டி ஃபிரிட்ஜ் இருந்ததாகக் கிளாஸ் எழுதியது தவறு என்று. கெல்லி ஒரு கேள்வி கேட்பார், இவன் ஒரு பதில் சொல்வான், முடிந்தது. நல்லவர், பாசக்காரர், அதனால் விட்டுவிடுகிறார். உம்மணாமூஞ்சி லேன் விடவில்லை. பாசமான வீட்டில் திருட்டுப் பூனைக்குத்தான் கொண்டாட்டம் என்பதைப் படம் வாயால் சொல்லாமல் இப்படி இரண்டு ஆசிரியர்களை வைத்துக் காட்டிவிடுகிறது. கெல்லி 2003 ஏப்ரலில் ஈராக் போரில் செய்தி சேகரிக்கப் போன இடத்தில் இறந்துவிட்டார், படத்தை அவருக்குத்தான் காணிக்கையாக்கியிருக்கிறார்கள்.

குளோயி செவின்யி நடித்திருக்கும் சக ஊழியை கிளாஸுக்காக லேனிடம் சண்டைக்கு வருவாள். அவனுக்கு உடம்பு சரியில்லை, பாவம், இப்படியா நடத்துவது என்று. லேன் அப்போதுதான் முதல் தடவையாக வாய் திறந்து கொட்டுவார். அவன் கற்பனைக்கு மேல் கற்பனையாகக் கொண்டுவந்து கொடுத்தான், நாம் எல்லாவற்றையும் உண்மை என்று அச்சடித்தோம், ஏன், அவன் நமக்கு வேடிக்கை காட்டினான் என்பதற்காக. இதுதான் சாரம். ஆயாவின் இரண்டாவது நிறுத்தம்.

அந்தக் காட்சி முடிந்ததும் அந்தப் பெண் டிவிடியை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். “உங்க பேப்பர்லயும் இப்பிடி நடந்திருக்கா அங்கிள்?”

“நாங்க கோயில் நியூஸ்தானேம்மா போடறோம், அதுல என்ன பொய் சொல்றது” என்றேன்.

சரி, இங்கே எழுதிவிடுகிறேன். பல வருடத்துக்கு முன்னால் நான் பக்கம் போட்டுக்கொண்டிருந்த ஓர் உள்ளூர்ப் பத்திரிகை, பெயர் வேண்டாம். தைப்பூசக் காவடி வாரம். கோயில் பக்கத்தின் அடியில் ஆறு வரி இடம் காலியாக நின்றது, நிருபர் போய்விட்டார், அச்சுக்கு அனுப்ப இருபது நிமிடம்தான் இருந்தது. நானும் அன்று காலை காவடிக்குப் போய்விட்டுத்தான் வேலைக்கு வந்திருந்தேன், மஞ்சள் துணி, பால்குடம், கற்பூர வாசனை எல்லாம் மூக்கிலேயே இருந்தது. ஸ்டேங்கரிலிருந்து வந்த 82 வயது அம்மா ஒருவர் தொடர்ந்து அறுபதாவது வருடமாகப் பால்குடம் எடுக்கிறார் என்று எழுதி, ‘என் கால் நடக்கவில்லை, முருகன் நடத்துகிறான்’ என்று அவர் வாயில் ஒரு வரியையும் வைத்தேன். பெயர் போடவில்லை. ஆறு வரி கச்சிதமாக உட்கார்ந்தது. அப்படி ஒரு அம்மாவை நான் பார்க்கவே இல்லை. அடுத்த வாரம் ஆசிரியர், அந்தப் பக்கத்திலேயே அதுதான் அருமை என்று தோளில் தட்டினார். அதுகூடப் பரவாயில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு பெண் போன் செய்தார். அது எங்கள் பெரியம்மாதான், பேரைப் போட்டிருக்கலாமே, ஆனாலும் அவருக்கு ரொம்ப சந்தோஷம், கத்தரித்து சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார் என்றார். நான் நன்றி சொல்லி போனை வைத்தேன்.

கிளாஸ் செய்ததோடு இதை ஒப்பிட முடியுமா என்று கேட்டால் தெரியாதவன் மாதிரி நான் நடிக்கப்போவதில்லை. ஆறு வரிதான். ஆனால் அவனும் முதலில் ஒரு வரியில்தான் ஆரம்பித்திருப்பான், அந்த வரியைத்தான் எல்லாரும் பாராட்டியிருப்பார்கள் என்பது எனக்கு அந்த ஹாலில் உட்கார்ந்திருந்தபோது முதுகில் குத்தியது. அந்தத் தோள்தட்டு எவ்வளவு இனிப்பாக இருந்தது என்பது எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது.

படத்தில் ஒரு குறை சொல்லியாக வேண்டும். கெட்ட பையன் ஒருவன், அவனைப் பிடித்து வெளியே தள்ளினார்கள், ஆபீஸ் சுத்தம் என்ற மாதிரி முடிகிறது, கைதட்டல் வேறு. பத்திரிகைப் பொய் எப்போதும் இப்படித் தனி ஆளாக வருவதில்லை. நம் தென்னாப்பிரிக்காவிலேயே பாருங்கள், ‘சண்டே டைம்ஸ்’ 2014இலிருந்து வருமான வரித் துறைக்குள் ஒரு ரகசியக் கூட்டம் அட்டூழியம் செய்கிறது என்று கட்டுரைக்கு மேல் கட்டுரையாக எழுதியது. கேட்டோ மேனர் போலீஸ் பிரிவைக் கொலைப் படை என்று அதற்கு முன்பே எழுதியிருந்தது. வரித்துறைக் கதைகளுக்கு 2016இல் வருத்தம் தெரிவித்தார்கள், 2018 அக்டோபரில் அப்போதைய ஆசிரியர் எல்லாவற்றுக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டு, அந்தச் செய்திகளுக்கு வாங்கிய விருதுகளைத் திருப்பிக் கொடுப்பதாக அறிவித்தார். அதற்குள் பலருடைய வேலையும் பேரும் போய்விட்டிருந்தன. அங்கே யாரும் இல்லாத பையனைக் கற்பனை செய்யவில்லை. காரியம் ஆக வேண்டியவர்கள் கசியவிட்டதை, சுவையாக இருக்கிறதே என்று குறுக்கே கேள்வி கேட்காமல் அச்சடித்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி கேத்தி சாட்ச்வெல் விசாரித்து 2021 ஜனவரியில் ஒரு தடிமனான அறிக்கை கொடுத்திருக்கிறார், பக்கத்து வீட்டுப் பெண்ணின் மேசையில் அது பச்சைக் கோடுகளோடு கிடக்கிறது.

அதே வருடம் ஜூனில், ஜோகன்னஸ்பர்க் பக்கத்து ஊரான டெம்பிசா. ஒரு பெண்ணுக்கு ஒரே பிரசவத்தில் பத்துக் குழந்தைகள் என்று ‘பிரிட்டோரியா நியூஸ்’ முதல் பக்கத்தில் போட்டது, உலகமே எடுத்துப் போட்டது, எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பிலும் பத்து தொட்டில் படம் சுற்றியது. எந்த மருத்துவமனையிலும் அப்படி ஒரு பிரசவம் பதிவாகவில்லை என்றது கௌடெங் மாகாண அரசு. குழந்தைகளின் படம் ஒன்றுகூட வரவில்லை. ‘ஷாட்டர்ட் கிளாஸ்’ படத்தின் கடைசிப் பகுதியில் வரவேற்பில் இருக்கும் அம்மா லேனிடம் சொல்வார், இத்தனையையும் ஒரு விஷயம் தடுத்திருக்கும், புகைப்படம். அவர்கள் இதழில் படமே போட மாட்டார்கள். இல்லாத ஆளைப் படம் பிடிக்க முடியாதே. நான் பக்கம் போடுகிறவன் என்பதால் அந்த வசனத்தில் எழுந்து நின்று கைதட்ட இருந்தேன், டெம்பிசா ஞாபகம் வந்து உட்கார்ந்துவிட்டேன். படம் இல்லை என்பதும் யாரையும் தடுக்கவில்லையே.

படம் முடிந்து டீ குடிக்கும்போது அந்தப் பெண் அவளுடைய இன்னொரு கட்டுரையைப் பற்றிச் சொன்னாள், காந்தி 1903இல் டர்பனில் ஆரம்பித்த ‘இந்தியன் ஒபினியன்’. முதலில் ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என்று நான்கு மொழியில் வந்தது. கொஞ்ச காலத்தில் தமிழையும் இந்தியையும் நிறுத்திவிட்டார்கள். காந்தியே சுயசரிதையில் காரணம் எழுதியிருக்கிறார்: அந்தப் பகுதிகள் பேருக்குத்தான் இருந்தன, தொடர்ந்தால் அது ஒருவகை ஏமாற்று ஆகிவிடும் என்று பட்டது. எனக்குச் சுருக்கென்றது. நான் பார்த்த ஒரு பத்திரிகையில் தீபாவளிக்கு ‘தமிழில் ஒரு வரி போடு’ என்பார்கள். எழுத்துரு உடைந்து கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாக அச்சாகும், விளம்பரம் கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். ஒரு வருடம் திருத்த நேரமில்லை என்று அப்படியே அனுப்பினேன். இதைப் பொய் என்று நான் அதுவரை நினைத்ததில்லை. இது படத்தோடு சேராத பேச்சு, போகட்டும்.

இன்னும் சில குறைகள். கிளாஸ் தன் பழைய பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற காட்சிகளை இடையிடையே வைத்திருக்கிறார்கள், கடைசியில் அது என்ன என்று தெரியும்போது நானும் ஏமாந்தேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதல் பாதியில் அது கொஞ்சம் இழுவை. ரொசாரியோ டாசனைக் கொண்டுவந்து, கட்டுரையில் தன் பேரும் வர வேண்டும் என்று நச்சரிக்க மட்டும் வைத்திருக்கிறார்கள், வீண். ஆங்கிலம் வேகம், அமெரிக்க அரசியல் பெயர்கள் மழையாகக் கொட்டும், சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள்.

டிவிடியில் உள்ள கூடுதல் சரக்கு நல்ல சரக்கு. இயக்குநரும் உண்மையான சக் லேனும் சேர்ந்து பேசும் விளக்கவுரை ஒன்று, ‘60 மினிட்ஸ்’ நிகழ்ச்சியில் உண்மையான கிளாஸைப் பேட்டி எடுத்தது இன்னொன்று. அந்த விளக்கவுரையை மட்டும் தனியாக ஒரு நாள் கேளுங்கள், தான் மாட்டிக்கொடுத்த கதையைத் தானே திரையில் பார்த்துப் பேசுவது எந்த ஆசிரியருக்கும் கிடைக்காத அனுபவம். கிளாஸ் பிறகு சட்டப் படிப்பை முடித்தான், வக்கீலாகப் பதிவு செய்யக் கேட்டபோது 2014 ஜனவரியில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் முடியாது என்றுவிட்டது. டிவிடி அதற்கு முந்தையது என்பதால் அதில் இருக்காது. என் தட்டில் எழுபதாவது நிமிடத்தில் கீறல், படம் நாலைந்து வினாடி சதுரம் சதுரமாகச் சிதறியது, துணியால் துடைத்ததும் சரியாகிவிட்டது. 15 ரேண்டுக்கு இது தாராளம். பத்திரிகை படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் வாங்கிக் கொடுங்கள், ஆபீஸில் எல்லாருக்கும் பிடித்த ஒரு ஆள் இருந்தால் நீங்களே பாருங்கள்.

உண்மையான கிளாஸின் பேட்டியையும் போட்டுக் காட்டினேன். ஆயா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பீன்ஸ் முழுக்க உரித்தாகிவிட்டது, தோலைத் தாளில் கூட்டிக்கொண்டிருந்தார்.

“இவனோட அம்மா என்ன சொன்னாளாம்?”

“அவங்க படத்துல வரலை ஆயா. வக்கீலுக்குப் படின்னு வீட்டுல சொன்னதா மட்டும் வருது.”

“அவளும் பேப்பரைக் கத்தரிச்சு வச்சிருப்பாளே” என்றார்.

நான் தரையில் சிந்தியிருந்த பீன்ஸைப் பொறுக்க ஆரம்பித்தேன்.